குடித்ததைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்?

சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை ஏதும் நடந்ததா என்று மருத்துவர் கேட்டால் நம் மக்கள் தயக்கமின்றி விடை தருகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முந்தைய மருந்துச் சீட்டைக்கூட மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டுவோர் உண்டு. அடுத்து வரும் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" என்பது. பேச்சு அங்கேதான் நின்றுவிடுகிறது. நோயாளி மேற்கூரையைப் பார்க்கிறார். மனைவி கணவரின் முகத்தைப் பார்க்கிறார். உடன் வந்த மைத்துனர் முந்திக்கொண்டு, "எப்பவாவதுதாங்க, நல்லது கெட்டதுன்னா மட்டும்" என்று முடித்துவைக்கிறார்.

இந்தத் தயக்கம் எந்த ஊரிலும் உண்டு. ஆயினும் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் வாழும் நமக்கு அதன் பொருள் வேறு. 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒரு வழக்கமான கேள்வியாக எடுத்துக்கொள்ள நம்மால் இயலவில்லை.

அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதனைச் சுற்றிய பகுதிகளிலும் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள், அன்றிரவும் மறுநாளும் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு இடங்களுக்கும் நோயாளிகளைச் சுமந்து ஆம்புலன்சுகள் ஓடின. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அதில் அடங்குவர். மூட்டை தூக்கியும் வண்ணம் அடித்தும் துப்புரவு வேலை செய்தும் அன்றாடம் கூலி பெற்று வாழ்ந்தவர்களே மிகுதி. அரசு மதுக்கடையின் மலிவான குவார்ட்டரை விடவும் குறைந்த விலைக்கு அது கிடைத்தது என்பதே அவர்கள் அதனை நாடியதற்குப் போதிய காரணமாக இருந்தது. விற்பனை நடந்த இடம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தொலைவில் இல்லை என்பதை அந்நாளைய செய்தித்தாள்கள் அனைத்தும் எழுதின.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். சாயம், பிசின், கரைப்பான் ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு உரிய பொருள் அது. நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அதனைச் சாதாரண மதுவிலிருந்து பிரித்தறிய இயலாது. தீக்குச்சி கொளுத்திப் பார்த்தால் தெரியும், விரலில் தேய்த்து முகர்ந்தால் தெரியும் என்று குடிப்பவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சோதனைகளை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது. 10 மில்லி லிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி லிட்டர் உயிரையே பறிக்கக்கூடும். மருந்துப் புட்டியின் மூடியில் இரண்டு மூன்று முறை ஊற்றினால் நிறைந்துவிடும் அளவுதான் அது.

மெத்தனாலின் கொடுமை அதன் மெதுவான நடையில் இருக்கிறது. குடித்தவுடன் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வழக்கமான போதையே தெரியும். கல்லீரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலமே கண்ணின் நரம்பை எரிக்கிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. மூச்சை இரைக்க வைக்கிறது. இதற்கு 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். சாதாரண மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே, முதல்நாள் மாலை குடித்தவர் மறுநாள் காலை தலைவலி, வயிற்றுவலி, வாந்தி என்று படுத்திருக்கும்போது வீட்டார், "நேற்றுப் போட்டது இன்னும் இறங்கவில்லை" என்று மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கண் மங்கலாகத் தெரிகிறது, பனிமூட்டம் போல் இருக்கிறது, எதிரே நிற்பவர் முகம் புகைக்குள் தெரிகிறது என்று அவர் சொன்னால், அது போதையின் மிச்சம் அன்று. அந்த நொடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு நேரத்தோடு வந்தால் செய்ய வேண்டியவை பல உண்டு. இரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கப் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். மெத்தனால் நஞ்சாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் என்னும் மருந்து உண்டு. விலை மிகுந்தது, எல்லா ஊரிலும் எப்போதும் கிடைப்பதன்று. அது இல்லாதபோது அளவறிந்த எத்தனாலையே மருந்தாகச் செலுத்துவர். சிறுநீரக நோயாளிகள் அறிந்த டயாலிசிஸ் இயந்திரம் இங்கே நஞ்சையும் அமிலத்தையும் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கப் பயன்படுகிறது. எத்தனால் மருந்தாகும் என்பதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே கடை மதுவை ஊற்றிக் கொடுக்க எவரும் முனைய வேண்டாம். மருத்துவமனையில் இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, அளவை ஏற்றி இறக்கிச் செய்கிற வேலை அது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம்.

இவ்வளவும் செய்ய வேண்டுமாயின் மருத்துவருக்கு முதலில் ஒரு செய்தி தெரிந்தாக வேண்டும்: என்ன குடித்தார், எப்போது குடித்தார். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி வரிசையில் நிற்கும் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் மெத்தனால் என்று யாராலும் சொல்லிவிட முடியாது.

மறைத்தல் எளிய வீடுகளில் மட்டும் நிகழ்வதன்று. அந்த ஜூன் மாதம் முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம் காரணமன்று என்றே மாவட்ட நிர்வாகத்தின் தொடக்க அறிவிப்பு இருந்தது. அதற்குள் துக்க வீடுகளுக்கு வந்தவர்களுள்ளும் சிலர் அதே சரக்கைக் குடித்தனர் என்று செய்திகள் வந்தன. பின்னர் மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சாவு வீட்டின் வாசலில் பந்தல் போட்டிருக்கும்போதே அடுத்த சாவுக்கான நஞ்சு அதே தெருவில் விற்கப்பட்டது என்றால், "இது சாராயத்தால் வந்தது, யாரும் குடிக்காதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்லும் ஒரு குரலுக்கு எத்தனை உயிர்களின் மதிப்பு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டார் மறைப்பதற்குப் பழி அஞ்சுதல் ஒரு காரணம். காவல்துறை அச்சம் மற்றொன்று. இரண்டாவது அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்கப் போவதில்லை. நஞ்சருந்தியவர் எவர் வந்தாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் சட்டக் கடமை. சாலை விபத்தில் வருபவருக்கும் அதே நடைமுறைதான். ஆனால் அந்தத் தகவல் ஒருபுறம் போகும். சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. தகவலைப் பெறும் காவலர் தேட வேண்டியது விற்றவனை. கட்டிலில் கிடப்பவரை அன்று. 2024 ஜூன் 29-இல் தமிழகச் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் அதனைச் செய்தவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் சிறை வரை தண்டனை விதிக்க வழி செய்தது. அவ்வாண்டு நவம்பர் 20-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

மலையைப் பற்றி ஒரு சொல் இங்கே சொல்லியாக வேண்டும். கள்ளச்சாராயம் என்றதும் வெளியூர்க்காரர் வாயில் கல்வராயன் மலை என்ற பெயர் தானே வந்துவிடுகிறது. மலையில் சாராய ஊறல் இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. வெல்லமும் கடுக்காயும் பட்டையும் இட்டுப் புளிக்கவைத்த ஊறலைப் பேரல் பேரலாகக் கொட்டி அழித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. அதுவும் உடலைக் கெடுப்பதே. எனினும் கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மலைப் பானையில் புளித்த சரக்கன்று; தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்டு, சமவெளிச் சாலைகள் வழியே வந்த மெத்தனால். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மருத்துவப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. அந்த நிகழ்வுக்குப் பிறகு வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் சேராப்பட்டிலிருந்தும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இறங்கி வருபவர்களைக்கூட, "மலையா? சாராயம் காய்ச்சுற ஊராச்சே" என்று பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேலி பேசுகிற வழக்கம் வந்திருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லவே கூசுகிற நோயாளி, தன் நோயை எப்படி முழுமையாகச் சொல்வார்?

சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி விற்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். அந்த ஆளுகை முடிவுக்கு வந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு! சாலையும் பள்ளியும் மருத்துவமும் மலைக்குத் தாமதமாக வந்ததற்கு இந்த வரலாறு ஒரு காரணம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. அவ்வளவு உயிர்கள் போன பின்னரே அந்தப் பேச்சு எழுந்தது என்பது வருத்தத்துக்குரியது. மலைக்குப் பழியைச் சுமத்துவோர், ஒரு கர்ப்பிணி அங்கிருந்து வளைவுச் சாலைகளில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வருவதற்குள் படும் பாட்டை ஒருநாள் உடன் வந்து பார்க்கட்டும்.

கள்ளக்குறிச்சியை மட்டும் தனித்துக் குறை கூறுவதற்கும் இடமில்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2001-இல் ஐரோப்பாவின் எஸ்தோனியா நாட்டில், பார்னு என்னும் கடற்கரை நகரத்தை ஒட்டி 68 பேர் மெத்தனால் கலந்த மதுவால் இறந்தனர். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் சுற்றுலா ஊரான வாங் வியங்கில் பயணிகள் ஆறு பேர் இறந்தனர். படித்தவர், படிக்காதவர், வெள்ளையர், கறுப்பர் என்ற வேற்றுமை அந்த அமிலத்துக்குத் தெரியாது. எங்கும் காணப்படும் பொதுக்கூறு மலிவும் அறியாமையும் தாமதமும்தான்.

இழப்பீடு பற்றியும் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாயும் சிகிச்சை பெற்றோருக்கு 50,000 ரூபாயும் அரசு அறிவித்தபோது, "குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா? எல்லையில் செத்தவனுக்கு என்ன தருகிறார்கள்?" என்ற பேச்சு காத்திருப்போர் நாற்காலிகளிலும் கேட்டது, நீதிமன்றம் வரையும் சென்றது. கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் குடித்தவர் கைக்குப் போகவில்லை, அவர் போய்விட்டார். அது சென்று சேர்வது கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் முதிய தாய்க்கும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதந்தோறும் 5,000 ரூபாயும் படிப்புச் செலவும் தரப்படும் என்ற அறிவிப்பையும் இதே கண்கொண்டுதான் பார்க்க வேண்டும். நம் மனக்குறை வேறு. பிழைத்து வந்தும் பார்வை மங்கியவர்கள் இருக்கிறார்கள். சாரத்தில் ஏறி வண்ணம் அடித்தவர் இனி அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. அவருக்கு 50,000 ரூபாய் எத்தனை மாதம் வரும்? இறந்தவரை எண்ணுகிறோம், பிழைத்தவரை மறந்துவிடுகிறோம்.

அரசே மதுவை விற்று, 2023-24 நிதியாண்டில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டும் மாநிலத்தில் குடிப்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பொருந்துமா என்ற வினாவும் உண்டு. அதனை விரித்தால் இந்த இதழ் போதாது.

இனி, கள்ளச்சாராயமே தொடாதவர்களைப் பற்றி. கடை மதுவை மட்டும் அருந்துபவர், மாலையில் வீட்டில் அமைதியாகக் குடித்துவிட்டு உறங்கிவிடுபவர், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். இவர்கள் குடும்பத்தினரே மிகவும் மறைக்கிறார்கள். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பழக்கம் ஒன்றும் இல்லை" என்று எழுதிக்கொள்ளப்படுகிறது. முதல்நாள் நன்றாக இருக்கிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் இல்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். இறந்துபோன தந்தையோடு பேசுகிறார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்து, கட்டுப் போட்ட காலோடு எழுந்து நடக்க முயல்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள், "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்று திருநீறு பூசச் சொல்கிறார்கள். திருநீறு பூசுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அவருக்கு வந்திருப்பது, நாள்தோறும் பழகிய மது திடீரென்று நின்றதால் மூளையில் எழுந்த கொந்தளிப்பு. குடி நின்ற ஆறு மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல் தொடங்கலாம். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல்நாளே சொல்லியிருந்தால் இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளை அளவாகத் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசியாக ஏற்றுவார்கள். நாட்பட்ட குடியில் அது உடலில் வற்றிப் போயிருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரக்கூடும். மயக்க மருந்தின் அளவும் வலிநிவாரணியின் தேர்வும்கூட இந்த ஒரு விடையைப் பொறுத்து மாறுகின்றன. ஆகையால் மருத்துவர் கேட்கும் கேள்வி ஒழுக்கத்தைப் பற்றியதன்று. ஊசிக்குள் எதை ஏற்றலாம் என்பதைப் பற்றியது. இதே காரணத்தால், பல ஆண்டு நாள்தோறும் குடித்த ஒருவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்வதையும் நாம் ஊக்குவிப்பதில்லை. நிறுத்துவது நல்லது, மருத்துவத் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது.

உடனிருப்போரின் நிலையை நாம் அறிவோம். குடிப்பவரின் மனைவியாக இருப்பது ஊதியமில்லாத இரண்டாம் வேலை. கடனைச் சமாளிப்பதும், பிள்ளைகளிடம் பொய் சொல்வதும், முதலாளியிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லியனுப்புவதும் அவள் தலையில்தான் விழுகின்றன. பல ஆண்டு மறைத்து மறைத்துப் பழகிய நாக்கு, மருத்துவர் முன்னும் மறைத்துவிடுகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர், குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். அவர் 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் குடிநோய்ச் சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பேசிய காலத்தில், அதனை நோய் என்று சொல்லி, நோயாளியோடு குடும்பத்தையும் அமர்த்திச் சிகிச்சை தந்த இடம் அது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வீட்டுக்குள் அடக்கி வைத்திருக்கக்கூடிய ஒரு துயரத்தை அவர் வெளியே கொணர்ந்தார். அதனால் பயன்பெற்ற குடும்பங்கள் பல.

மனம் விட்டுப் பேச ஆள் இல்லை என்று எண்ணுவோர் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவரால் உறக்கம் இழந்தவரும் அழைக்கலாம்.

மருத்துவமனையில் எப்படிச் சொல்வது என்று தயங்குவோருக்கு: நோயாளியின் எதிரில் சொல்ல இயலாவிடில் செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லலாம். கதை முழுவதும் வேண்டா. எதைக் குடித்தார், நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு என்பவை போதும். பாக்கெட்டோ புட்டியோ வீட்டில் மிச்சமிருந்தால் கொட்டிவிடாமல் எடுத்து வரவும். வாயால் சொல்லக் கூச்சமாயிருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நோயாளிச் சீட்டோடு மடித்துக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் சொன்னால் அவர்களே எழுதித் தருவார்கள்.